கிளியம்மாளின் தோள்வலி

கிழக்குத் தாம்பரம்
6 ஆகஸ்ட் 1988

ஜெயக்கொடிக்கு,

நீ கேட்டபடி மாதம் ஒருமுறை எல்லாருடைய தோளையும் பார்த்து எழுதிவருகிறேன். இந்த மாதம் ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஏழாவது ஆளுக்கு இருக்கிறது. ஏழாவது ஆள் நான்.

பொங்கல் விடுமுறையில் வந்தபோது என் வலது தோளில் ஸ்டிக்கர் பொட்டுப் பசையின் ரசாயனம் தடவிய மருந்துப் பிளாஸ்திரி ஒட்டினாயே, அந்த இடத்தில் நாலணா அகலத்துக்குத் தோல் வெளுத்திருக்கிறது. அரிப்பு இல்லை, செதில் இல்லை. விளிம்பு தெளிவாக இருக்கிறது. இடது தோளில் ஒட்டிய வெற்றுப் பிளாஸ்திரியின் இடம் பழையபடியே. என் தோளை நானே பார்ப்பது சிரமம் என்பதால் கிளியம்மாளைக் கைக்கண்ணாடி பிடிக்கச் சொன்னேன். "இன்னாம்மா இது, சுண்ணாம்பு பட்டுக்கினு கீது?" என்று ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

உன் ஆராய்ச்சிக்குக் கைம்பெண்கள்தான் வேண்டும் என்று நீ எழுதியபோதே எனக்குக் கசந்தது. ஸ்டிக்கர் பொட்டின் பசை நெற்றியை வெளுக்கச் செய்கிறது, அதை அந்தப் பசையை ஒருநாளும் தொடாத தோலோடு ஒப்பிட வேண்டும், பொட்டு கடைக்கு வருமுன்பே புருஷனை இழந்தவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட தோல் இருக்கும் என்றாய். நியாயமாகப் பட்டதால் வீடு வீடாகப் போய் அழைத்தேன். சேலையூர் செல்லியம்மாள் முதல் எல்லாரும் என் கூடத்தில் முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. காபி கொண்டுவந்த கிளியம்மாள் சிரித்தாள்: "தாலியறுத்தவங்க எல்லாம் கூட்டம் போட்டு முதுகைக் காட்டிக்கினு கீறீங்களே, இன்னா வைத்தியம் இது? நானும் அறுத்தவதான், எனக்கு மட்டும் ஒண்ணியும் இல்லையா?" தம்ளர்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

இந்த வெளுப்புக்கு என்ன பொருள் என்று எழுது.

தனக்கோடி சுப்பராயலு

நாக்பூர்
19 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் நாத்தனாராக. மற்ற இரண்டு முறையும் தூக்கம் போனவளாக.

என் வேலையைப் பற்றி உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இங்கே இரண்டு கட்சி. நஞ்சியல்காரர்கள் பசையில் உள்ள ரசாயனம் வெறும் விஷம் என்கிறார்கள். யார் மேல் பட்டாலும் தோலில் நிறம் செய்யும் அணுக்களைக் கொல்லும். நான் நோய் எதிர்ப்பியல் படித்தவள். உடம்புக்கு நினைவு உண்டு என்பது என் கட்சி. முதல் சந்திப்பில் அது ரசாயனத்தை அடையாளம் மட்டும் பார்த்துவைக்கும். பிறகு மறுபடி சந்திக்கும்போதுதான் உடம்பின் காவல் அணுக்கள் பாய்ந்து வந்து, பசையோடு சேர்த்து நம் நிற அணுக்களையும் அடித்துக் கொல்லும். அப்படியானால் முன்பு சந்திக்காதவருக்கு வெளுக்கக் கூடாது. இருபது வருஷமாக முயலிலும் சீமைப் பெருச்சாளியிலும் காட்டியதை மனிதத் தோலில் காட்டத்தான் உங்கள் ஏழு பேர்.

ஆறு பேர் என் பக்கம் நிற்கிறார்கள். நீங்கள் ஒருவர் எதிர்ப்பக்கம் போனால் போதும், எல்லாம் போகும். மார்ச்சில் புதுத் துறைக்குத் தலைவர் தேர்வு. என்னோடு போட்டியிடுகிறவர் நஞ்சியல்காரர்.

கோபப்படாமல் படியுங்கள். அண்ணன் போன பிறகு எப்போதாவது, ஒரு நாளாவது, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் ஒரு ஸ்டிக்கர் பொட்டை வைத்துப் பார்த்ததுண்டா? யார் கேட்கப்போகிறார்கள்? பெண்ணாகப் பிறந்தவளுக்கு ஆசை இருக்காதா? 'ஆம்' என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். பெயர் எங்கும் வராது. அரிகிருஷ்ணனை வந்து உங்கள் தோளை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஜெயா

கிழக்குத் தாம்பரம்
27 ஆகஸ்ட் 1988

ஜெயக்கொடிக்கு,

இதை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். கன்னியர் மடத்தில் மதர்கள் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில் கோபத்தை எழுதினால் விடுப்பு விண்ணப்பம் மாதிரி வருகிறது. கிழித்துப்போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை.

உன் அண்ணன் இறந்த பத்தாம் நாள் உனக்கு நினைவிருக்கும். ஊர்ப் பெண்கள் பின்கட்டில் காத்திருந்தார்கள். ஒருத்தி வளையலுக்கு, ஒருத்தி பூவுக்கு, ஒருத்தி பொட்டுக்கு. என் முகத்தை யாரும் தொட வேண்டாம் என்றேன். எல்லாரும் பார்க்க, நின்றபடி, ஈரத்துணியால் நானே துடைத்தேன். உன் சின்ன அண்ணி கங்கையம்மாள், "இவளுக்குத் திமிரு பாரு" என்றது என் காதில் விழுந்தது. ஆம், திமிர்தான். வைத்ததையும் வெளிச்சத்தில் வைத்தேன், துடைத்ததையும் வெளிச்சத்தில் துடைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்கிற காரியம் குளிப்பது ஒன்றுதான்.

பெண்ணாகப் பிறந்தவளின் ஆசையைப் பற்றி எனக்குச் சொல்ல நீ யார்? பொட்டை வைத்துவிடவும் ஆளில்லாமல், துடைத்துவிடவும் ஆளில்லாமல் ஐம்பது வயதைத் தொட்டவள் நீ.

கண்டதைக் கண்டபடி எழுதுங்கள் அண்ணி என்றாய். எழுதினேன். உனக்கு வேண்டியது உண்மை இல்லை, ஓர் 'ஆம்'. அது என்னிடம் கிடையாது.

அரிகிருஷ்ணன் வந்தான், போட்டோ எடுத்தான். உன் சின்ன அண்ணன் மகன் என்பதால் விட்டேன். தோல் டாக்டருக்குப் படித்திருக்கிறான், கை கழுவாமல் தொடுகிறான்.

தனக்கோடி சுப்பராயலு

நாக்பூர்
12 டிசம்பர் 1988

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. கேட்டது தப்பு. விட்டுவிடுங்கள்.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். உங்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை, கவலை வேண்டாம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் தெரிந்தவர் வருகிறார், ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறேன். அரிகிருஷ்ணனை சென்ட்ரலுக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மீதமிருந்த பிளாஸ்திரிப் பெட்டியை உங்கள் ஃபிரிட்ஜிலேயே விட்டுவந்துவிட்டேன். இடத்தை அடைத்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஜெயா

கிழக்குத் தாம்பரம்
14 ஜூன் 1989

ஜெயக்கொடிக்கு,

நேற்றுப் பல்லாவரத்தில் துரைராஜ் மகள் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே அரிகிருஷ்ணன் உட்கார்ந்தான். இலையில் சாம்பார் விழுமுன் அவன் வாய் திறந்தது.

"பெரியம்மா, நீங்க இப்ப வெளிநாட்டுல எல்லாம் ஃபேமஸ் தெரியுமா? ஜெயா அத்தை பேப்பர்ல உங்க தோள் போட்டோ முழுசா வந்திருக்கு. நான் எடுத்த போட்டோ! மச்சத்தோட!"

"போட்டோ போட்டால் போடட்டும்" என்றேன்.

"போட்டோ இல்ல பெரியம்மா, விஷயமே அதுக்குக் கீழதான்" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, அதை நூறு பேர் நடுவில் தமிழில் சொன்னான். அறுபத்து நான்கு வயதுக் கைம்பெண், ஆய்வாளரின் உறவினர், முதலில் மறுத்தாலும் விசாரித்தபோது ஸ்டிக்கர் பொட்டை மறைவாக அணிந்துவந்ததை ஒப்புக்கொண்டார். ஆகவே கணக்கிலிருந்து நீக்கப்பட்டார்.

பக்கத்து இலையில் அவன் அம்மா. கங்கையம்மாளுக்குக் காது மந்தம் என்று யார் சொன்னது? "அதானே பார்த்தேன்" என்றாள். "பத்தாம் நாள்ல அவ்ளோ வீரமா தானே துடைச்சாளே, திரும்ப வெச்சிக்கத் தெரியாதா அவளுக்கு? வீட்ல எத்தினி கண்ணாடி!" பந்தியில் இருந்தவர்கள் அப்பளத்தை நொறுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாயசம் வருமுன் நான் எழுந்துவிட்டேன். பாதி இலையில் எழுந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

இன்று காலை அரிகிருஷ்ணனின் குரோம்பேட்டை கிளினிக்குக்குப் போய் அந்தப் பத்திரிகையை வாங்கி நானே படித்தேன். அவன் மொழிபெயர்ப்பில் குறை இல்லை. நான் ஒப்புக்கொண்டேனாம். எங்கே, எப்போது, யாரிடம்?

பெயர் இல்லை என்று எழுதினாய். தாம்பரத்தில் உனக்கு அந்த வயதில் எத்தனை உறவினர்?

அந்த வாக்கியத்தை நீ திரும்பப் பெற வேண்டும். அதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில். அதுவரை உன் ஆரஞ்சு இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

தனக்கோடி சுப்பராயலு

நாக்பூர்
2 ஜூலை 1989

அண்ணிக்கு,

முடியாது.

காரணம் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை எடுத்தால் ஏழு பேரில் ஒருவருக்கு வெளுத்தது என்று ஆகும். கட்டுரை விழும். கட்டுரை விழுந்தால் துறை நஞ்சியல்காரருக்குப் போகும். தேர்வு தள்ளிக்கொண்டே போகிறது, இன்னும் முடியவில்லை. நான் அவருக்குக் கீழே, அவருடைய எலிகளுக்குத் தீனி வைத்து ஓய்வு பெற வேண்டும். ஒரு பல்லாவரத்துப் பந்திக்காக இதைச் செய்ய மாட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, 1963. எம்.எஸ்ஸி. படித்தபோது தோட்டக் கொட்டகையில் ஆறு முயல் வைத்திருந்தேன். ஒரு வருஷம் ஊசி போட்டு ஊசி போட்டு, அவற்றின் ரத்தத்தில் நான் தேடிய எதிர்ப்புச் சக்தி அப்போதுதான் ஏறியிருந்தது. கல்லூரிப் பயணமாக நான்கு நாள் பெங்களூர் போய்வந்தேன். கொட்டகை கழுவி, சுண்ணாம்பு அடித்து, சுத்தமாக இருந்தது. "வாடை தாங்கவில்லை, அனகாபுத்தூர் ஆளிடம் கொடுத்துவிட்டேன்" என்றீர்கள். அவன் அவற்றை எதற்கு வாங்கினான் என்று உங்களுக்குத் தெரியும். நான் அழுதபோது நீங்கள் சொன்ன பதில் இரண்டே சொல்: "முயல்தானே, ஜெயக்கொடி."

ஒரு வாக்கியம்தானே, அண்ணி.

இன்னொன்று. நீங்கள் 'இல்லை' என்றதை நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. உங்களுக்கு அழுக்கு பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஆசை இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஜெயக்கொடி

கிழக்குத் தாம்பரம்
9 பிப்ரவரி 1990

ஜெயக்கொடிக்கு,

ஏழு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நானும் ஒரு சோதனையில் இருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் மார்க்கெட் தெருவில் முஸ்தபாவின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். ஸ்டிக்கர் பொட்டு கேட்டேன். "யாருக்கும்மா, பேத்திக்கா? டிசைன் வெச்சது காட்டட்டுமா?" என்றான்.

"எனக்கு. வட்டமாக. அரக்குச் சிவப்பு."

பாவம், நல்ல பையன். பாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றினான். சுற்ற வேண்டாம் என்றேன். கடை வாசலிலேயே ஒன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, வெயிலில், ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்து வந்தேன். மறைவாக என்று எழுதினாய். அந்த ஒரு சொல்லையாவது பொய்யாக்கலாம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து தினமும். வெள்ளைச் சேலைக்குமேல் அந்தச் சிவப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை நீயே நினைத்துக்கொள். செல்லியம்மாள் என் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாள். கங்கையம்மாள் வந்தாள், பார்க்க வேண்டும் என்றே வந்தாள், பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். திருநீர்மலையில் எனக்குப் பின்னால் படி ஏறிய ஒருத்தி தன் மகளிடம், "கெழவிக்குப் பைத்தியம்டி, பாவம்" என்றாள். கிளியம்மாள் மட்டும், "சூப்பரா கீதும்மா. சின்ன வயசுல நீ எப்டி இருந்திருப்பேன்னு இப்பதான் தெர்து" என்றாள். வேலையைப் பார் என்றேன்.

போன மாதம் பொட்டை எடுத்தபோது அதன் அடியில் தோல் வெளுத்திருந்தது. வட்டமாக, தெளிவாக. நெற்றி நடுவில் கழற்ற முடியாத ஒரு வெள்ளைப் பொட்டோடு இதை எழுதுகிறேன். இனி நான் சாகும்வரை, செத்த பிறகு எனக்குச் சந்தனம் தடவுகிறவள் கைக்குக் கீழேயும், இது இருக்கும்.

இந்த நெற்றி எண்பத்தொன்பது ஜூலைக்கு முன் அந்தப் பசையைச் சந்தித்ததில்லை. ஆனாலும் வெளுத்தது. உன் கட்சி தோற்றது. வாக்கியத்தைத் திரும்பப் பெறு.

தனக்கோடி சுப்பராயலு

நாக்பூர்
26 பிப்ரவரி 1990

அண்ணிக்கு,

உங்கள் சோதனையில் ஒரு பிழை.

எண்பத்தெட்டு பொங்கலில் உங்கள் தோளில் அதே ரசாயனத்தை நான் ஒட்டினேன். உடம்புக்குத் தோள் வேறு, நெற்றி வேறு இல்லை. தோளில் சந்தித்ததை நெற்றியும் அறியும். ஆகவே உங்கள் நெற்றி முதல் சந்திப்பில் வெளுக்கவில்லை, இரண்டாவது சந்திப்பில் வெளுத்தது. இது என் கட்சிக்குத்தான் சாதகம். வேண்டுமானால் அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒட்டுமுன் ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் யாரையும் கேட்கிற வழக்கம் இல்லை.

என்னைப் பொய்யாக்க வேண்டுமானால், பொட்டையும் பார்க்காத, என் பிளாஸ்திரியையும் பார்க்காத ஒருத்தி வேண்டும். ஒரு தோளில் மருந்து, மறு தோளில் வெற்று. எதற்கென்று அவளுக்குத் தெரியவும் கூடாது, தெரிந்தால் சொறிந்தே சிவக்கவைப்பார்கள். அப்படி ஒருத்தி இருந்தால் நானே போய்க் கண்டுபிடித்திருக்க மாட்டேனா? தாம்பரத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேருக்கும் ஒட்டியாயிற்று.

வெயிலில் போகும்போது நெற்றியை மூடிக்கொள்ளுங்கள். வெளுத்த தோல் சீக்கிரம் புண்ணாகும்.

ஜெயக்கொடி

கிழக்குத் தாம்பரம்
18 நவம்பர் 1990

ஜெயக்கொடிக்கு,

நீ ஏழு என்று எண்ணினாய். எட்டு. எட்டாவது ஆள் அன்று நமக்குக் காபி கொண்டுவந்தாள்.

கிளியம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. புருஷன் அனகாபுத்தூர் தோல் கிடங்கில் வேலை செய்து எழுபத்து நான்கில் இறந்தான். அன்றிலிருந்து நெற்றியில் திருநீறு தவிர வேறொன்றும் வைத்ததில்லை. திருநீர்மலைப் பெருமாள்மேல் ஆணையாகச் சொல்லச் சொன்னேன், சொன்னாள். ஆணையை மட்டும் நம்பாமல் அவள் தெருவிலும் ஆள் விட்டு விசாரித்தேன். பிளாஸ்திரியோ பிண்டத்தைலமோ எதுவும் அவள் உடம்பில் பட்டதில்லை.

அவளுக்குப் பல வருஷமாக இரண்டு தோளிலும் வலி. தண்ணீர்க் குடம் தூக்கி வந்த வலி. நீ தூக்கிப் போடச் சொன்ன பெட்டி தயிருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. மார்ச் பதினைந்தாம் தேதி, "தோள்வலிக்கு நாக்பூரிலிருந்து ஜெயக்கொடி மருந்து அனுப்பியிருக்கிறாள்" என்று சொல்லி வலது தோளில் மருந்துப் பிளாஸ்திரியும் இடது தோளில் வெற்றுப் பிளாஸ்திரியும் ஒட்டினேன். நீ ஒட்டிய அதே இடத்தில், நீ வைத்திருந்த அதே நேரம். பிறகு மாதம் ஒன்று, இன்றுவரை. எதற்கென்று அவளுக்குத் தெரியக் கூடாது என்று நீதான் எழுதியிருந்தாய்.

விளைவு வேடிக்கை. இரண்டு தோளிலும் வலி குறைந்துவிட்டது என்றாள். "சின்னம்மா கை ராசிம்மா. அவங்க படிச்ச படிப்பு வீண் போகல" என்று உன்னைப் புகழ்ந்தாள்.

ஏப்ரல் தொடக்கத்திலேயே, இரண்டாவது பிளாஸ்திரி ஒட்டுமுன்பே, வலது தோள் வெளுத்தது. இடது தோளில் ஒன்றுமில்லை. இப்போது பிளாஸ்திரி படாத இடங்களிலும் பரவுகிறது: விரல் நுனிகள், உதட்டோரம். அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அவன் கேமராவை இறக்கிவிட்டு என்னைத் தனியாக அழைத்துப் போனான். "பெரியம்மா, இந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றான். பந்தியில் நூறு பேருக்குச் சொன்ன வாய்தானே, இதையும் போய்ச் சொல்லேன் என்றேன். எடுத்தான். போட்டோக்கள் இந்த உறையில்.

இப்போது என்ன பிழை என்று எழுது.

தனக்கோடி சுப்பராயலு

நாக்பூர்
3 டிசம்பர் 1990

அன்புள்ள அண்ணிக்கு,

கிளியம்மாளிடம் சொல்லாமல் இதைச் செய்திருக்கக் கூடாது என்று நான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

பிழை இல்லை. இரண்டு நாளாகத் தேடினேன். சந்திக்காத தோல், முதல் மருந்து, எதிரில் வெற்று, அறியாத ஆள். என் ஆய்வகத்தில் இருக்கிற யாருக்கும் இவ்வளவு சுத்தமாகச் செய்யத் தெரியாது. என் இருபது வருஷ வாதம் கிளியம்மாளின் வலது தோளில் முடிந்தது. முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் போட்டோக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே புதுக் கட்டுரைக்குத் தலைப்பு எழுதினேன்.

அண்ணி, மனிதத் தோலில் இதை இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதாக நான் படித்ததில்லை. நஞ்சியல்காரரும் காட்டவில்லை, அவரிடம் எலிகள்தான் உண்டு. அவர் சொன்னதை நிரூபிக்கிறவள் நானாக இருந்தால் அவருக்கு என்ன மிச்சம்? தன் கருத்தைத் தானே வெட்டிய விஞ்ஞானி என்று என்னைத்தான் பேசுவார்கள். தேர்வுக் குழு ஏப்ரலில் கூடுகிறது.

உங்கள் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் கேட்டபடி, அதே பத்திரிகையில், அதே எழுத்தில்.

எனக்கு வேண்டியவை: விரல்களின் போட்டோ, நல்ல வெளிச்சத்தில். வலது தோளிலிருந்து மிளகளவு தோல், அரிகிருஷ்ணன் மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கட்டும். சம்மதத் தாளில் அவள் கைநாட்டு, தேதியைப் பழைய மார்ச் மாதமாகப் போட வேண்டும். இன்னும் ஒன்றிரண்டு மாதம் பிளாஸ்திரியை நிறுத்தாதீர்கள், பரவுவது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆரஞ்சு அனுப்பட்டுமா?

உங்கள் ஜெயா

கிழக்குத் தாம்பரம்
22 ஆகஸ்ட் 1991

அன்புள்ள ஜெயாவுக்கு,

பத்திரிகை வந்து சேர்ந்தது. அச்சு சுத்தமாக இருக்கிறது. 'அவர் அவ்வாறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தைய குறிப்பு ஆய்வாளரின் பிழை' என்ற வரியைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். போன ஞாயிறு கங்கையம்மாளின் பேத்திக்குக் காது குத்து. அரிகிருஷ்ணனை எல்லார் நடுவிலும் நிற்கவைத்து அதை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னான். கங்கையம்மாள் கேட்டாள். அன்று நான் பாயசம் சாப்பிட்டேன்.

நீ துறைத் தலைவர் ஆனதில் உன் அண்ணன் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்த முயல்களைப் பற்றி நீ எழுதியதை நினைத்துப் பார்த்தேன். கொட்டகையில் வாடை இருந்தது உண்மை.

கைநாட்டு என்று எழுதியிருந்தாய். கிளியம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நான்தான் கற்றுக்கொடுத்தேன். தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் எங்கே போடுவது என்று மட்டும் கேட்டாள். விரலால் காட்டினேன். ஆறு எழுத்தும் அழகாக விழுந்தன.

அவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கை இரண்டும் மணிக்கட்டுவரை வெளுத்துவிட்டது. உதடும். வெண்குஷ்டம் என்று தெருவில் பேச்சு. வேலை செய்த மற்ற இரண்டு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். அவள் மகள் முனியம்மாவுக்குக் கேளம்பாக்கத்தில் பேசியிருந்த சம்பந்தம் கலைந்தது, பரம்பரை நோய் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். நான் அவளை விடவில்லை. ஆனால் சமையலிலிருந்து எடுத்துவிட்டேன். வருகிறவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டுத் தம்ளரைத் தொடத் தயங்குகிறார்கள், அது அவளுக்கும் வருத்தம்தானே. இப்போது வாசலும் தோட்டமும் பெருக்குகிறாள்.

நேற்றுச் சாயந்திரம் பின்வாசல் படியில் வந்து நின்றாள். உள்ளே வருவதில்லை, அவளே நிறுத்திக்கொண்டாள்.

"என்ன கிளியம்மா?"

"ஒண்ணியும் இல்லம்மா. தோள் மறுபடியும் பேஜார் பண்து. ராவுல படுக்க முடில. சின்னம்மா அனுப்பிச்ச மருந்து இருந்துச்சே, அது போட்டுக்கினு இருந்தப்போ எவ்ளோ நல்லா இருந்துச்சு. இந்த வெள்ளை வந்த பேஜார்ல அதைக் கேக்கவே மறந்துட்டேன். இன்னும் ரெண்டு கீதாம்மா?"

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். தயிருக்குப் பின்னால் பெட்டி காலி. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்பது இப்போது அச்சிலேயே இருக்கிறது. இல்லை என்றேன். நாக்பூருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

ஆகவே எழுதுகிறேன். வெற்றுப் பிளாஸ்திரி மீதமிருந்தால் ஒரு பெட்டி அனுப்பு. ஆரஞ்சோடு சேர்த்தே வரட்டும்.

அன்புடன்,
அண்ணி